தனேஷ் தொட்ட முகம்

மேரு, கிள்ளான்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் விமலனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம், பெர்த்தில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அந்த மாரியம்மா துணையிருக்க வேண்டும். குளிர் தொடங்கிவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் தங்கை மலரின் மகன் தனேஷுக்குப் புதன்கிழமை குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்து வயதுப் பிள்ளை, தூங்க வைத்துவிட்டு முதுகுக்குக் கீழே ஓர் ஊசி போட்டார்கள், சில மணி நேரம் இடுப்புக்குக் கீழே மரத்திருக்குமாம். கண் விழித்ததும் என் காலை யார் எடுத்தது என்று கேட்டான். வார்டு நர்ஸ் மிஸ்ஸி சுதர்சினி சிரித்துவிட்டு, மரப்பு விடுறதுக்கு முன்னாடியே அஞ்சு மணிக்கு மருந்து கொடுத்திடுங்க அங்கிள், வலி வந்தப்புறம் கொடுத்தா லேட்லா என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு சிரிப்பு முதல் அழுகை வரை ஆறு முகம் வரைந்த தாளை நீட்டி, உனக்கு எப்படி இருக்கு, தொட்டுக் காட்டு என்றார். பயலின் விரல் இங்கும் அங்கும் அலைந்தது. மலர் மருந்து வாங்கப் போயிருந்தாள். எனக்கோ ஹைவே ஜாமுக்கு முன் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். சிரிக்கிறதைத் தொடுடா, அப்பதான் வீட்டுக்கு விடுவாங்க என்று அவன் காதில் சொன்னேன். தொட்டான், விட்டார்கள்.

ஐந்து மணிக்கு வீட்டில் மலர் மருந்தோடு வந்தபோதும், மிஸ்ஸி கொடுத்தனுப்பிய அதே தாளில் சிரிக்கும் முகத்தையே தொட்டான். வலியில்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று பெரிய டாக்டர் போல நான் தடுத்தேன். ஆறரைக்குப் பார்த்தால் சோபாவில் சுருண்டு கிடக்கிறான், கண்ணீர் வழிகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி அப்போதும் விரலை அந்தச் சிரிக்கும் முகத்தில்தான் வைத்தான். வேறதைத் தொட்டா திரும்பக் கொண்டுபோய் விட்ருவீங்க தாத்தா என்றான். செய்ததை மலரிடம் சொன்னேன். அவள் உடனே மருந்தைக் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போன் போட்டாள், இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். வலி அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அதுவரை என் கட்டைவிரலை அவன் விடவில்லை. இப்போது கேட்காமலே மணி பார்த்து மருந்து கொடுக்கிறோம், பயல் வீட்டைச் சுற்றி வருகிறான்.

விமலா, நீயும் ஞாயிறு தவறாமல் போனில் நல்லா இருக்கேன்ப்பா என்கிறாய். அண்ணன் குரல் சரியில்லை என்று மலர் இரண்டு மாதமாகச் சொல்கிறாள், நான்தான் அவள் வாயை அடைத்தேன். சின்ன வயதில் உனக்கும் என்னென்ன சொல்லிக்கொடுத்தேனோ, நினைவில்லை. இந்த ஞாயிறு உள்ளதைச் சொல்லுப்பா. நான் புத்தி சொல்ல மாட்டேன், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன்.

பாஸ்போர்ட் முடியப் போகிறது, மறக்காதே. நோய்நொடி இல்லாமல் நீ நீடூழி வாழ ஆசீர்வாதம்.

உன் அப்பா,
சபாபதி