அமுக்கியாச்சா?

மார்ச் 3, திங்கள்

சித்தி சாவியைக் கொடுத்துவிட்டாள்! கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஓட்டுவதில்லை. கார் அவள் வீட்டுப் பின்புறம் வருடக்கணக்காகக் கேட்பாரற்று நிற்கிறது. "ஓடுனா உனக்கு, ஓடலைன்னா பழைய இரும்புக்காரனுக்கு" என்றாள். பேட்டரி மாற்றியதும் ஓடத்தான் செய்கிறது. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது! பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போகிறது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி தண்ணீர் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் சேர வேண்டும். விடியற்காலை ஷிஃப்ட். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. கார் இருந்தால்தான் வேலை. "சேரட்டுமா?" என்று இவரிடம் கேட்டேன். "ம்" என்றார் நம்ம வீட்டுக்காரர். அது போதும் எனக்கு.

மார்ச் 5

தெருமுனை மெக்கானிக்குக் கழுத்துவரை வேலையாம். "அடுத்த மாசக் கடைசிலதான் தொட முடியும்க்கா."

"அப்ப நானே செய்யறேன்."

சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சரி, கழட்டுங்க. ஆனா ஒவ்வொண்ணையும் என்கிட்ட காட்டிட்டுத்தான் ரோட்ல எடுக்கணும். பிரேக் விளையாட்டு இல்ல."

மார்ச் 8, சனி

பின்சக்கர பிரேக்கை மூடியிருக்கும் இரும்பு டிரம் கழன்று வரவில்லை. தட்டினேன், இழுத்தேன், திட்டினேன். ம்ஹும். கை வீங்கிவிட்டது. சாயங்காலம் மெக்கானிக் எட்டிப் பார்த்து, "ஹேண்ட் பிரேக்க யாருக்கா போட்டது?" என்றான்.

நான்தான். வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று. மகா ஜாக்கிரதை! உள்ளே பிரேக் ஷூ இறுக்கிப் பிடித்திருந்தால் டிரம் எப்படிடி வரும்? சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். இரண்டு தட்டு, கையோடு வந்துவிட்டது.

உள்ளே பார்த்ததும் அசந்துபோனேன். பிறை மாதிரி இரண்டு ஷூ, நாலைந்து ஸ்பிரிங், நடுவில் விரல் நீளத்தில் ஒரு சிலிண்டர். அதிலிருந்துதான் பிரேக் ஆயில் கசிந்திருக்கிறது. இவ்வளவுதானா விஷயம்! இத்தனை வருடம் சும்மா மிதித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மார்ச் 15

புது சிலிண்டர், புது ஷூ. முன்பக்கம் புது டிஸ்க், புது பேட். மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தான். குறை சொல்லவில்லை. நகத்தில் கறுப்பு போகவே மாட்டேன் என்கிறது. போகாவிட்டால் போகட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

கழற்றி மாட்டியதில் பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை இன்றைக்கு எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால் போச்சு, காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

இவரைப் பெடலில் உட்கார வைத்தேன். "அமுக்கியாச்சா?" "ம்." திறந்தேன். குமிழி. மூடினேன். "அமுக்கியாச்சா?" "ம்." மறுபடி குமிழி. ஆயில் தீரத்தீர ஊற்றுகிறேன், குமிழி நின்றபாடில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. திருகைத் திறந்தபடியே விட்டு எழுந்து போய்ப் பார்த்தால் — கால் பெடல் மேலேயே இல்லை!

"அமுக்கியாச்சான்னா ம்ங்கறீங்க?"

"ம்னா கேட்டுச்சுன்னு அர்த்தம். அமுக்கிட்டேன்னு எப்ப சொன்னேன்?"

அடக் கடவுளே. ஸ்பேனரோடு அப்படியே நின்றேன். அப்போ... அன்றைக்கு? கேட்டே விட்டேன்.

"வேலைக்குச் சேரட்டுமான்னப்போ ம்னீங்களே. அதுவும் கேட்டுச்சுன்னுதானா?"

ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருட்டுல, இந்த ஓட்டை வண்டில, தனியா... எனக்குப் பிடிக்கல. சொன்னா உன் முகம் வாடிடும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை 'ம்'முக்கு நான் சரியென்று பொருள் வைத்துக்கொண்டேனோ! ஆனால் திருகு திறந்து கிடந்தது. "அமுக்குங்க. அமுக்கினதும் 'அமுக்கிட்டேன்'னு வாயத் திறந்து சொல்லுங்க" என்றேன். சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொன்னார். கடைசிச் சக்கரத்தில் ஆயில் குமிழியில்லாமல் வந்தது.

மார்ச் 17

பெடல் கல் மாதிரி நிற்கிறது!! நான் வேலைக்குச் சேர்வதைப் பற்றி இவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 29

மெக்கானிக் ஓட்டிப் பார்த்தான், வாகனப் பரிசோதனை நிலையத்திலும் வண்டி தேறிவிட்டது. சித்தியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். "விடுடி, தலை சுத்துது" என்றாள்.

ஏப்ரல் 1

"முதல் நாள், நானும் வரேன்" என்று இவரே ஏறி உட்கார்ந்தார். பாலம் இறங்கும்போது பக்கத்துச் சந்திலிருந்து லாரி ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. மிதித்தேன். கார் ஒரு பக்கமும் இழுக்காமல், நேராக, நச்சென்று நின்றது. லாரி போய்விட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, நின்னுடுச்சு! நான் போட்டதுங்க!" என்று வண்டியை அங்கேயே நிறுத்தி வைத்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

இவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நின்னுடுச்சு, பாத்தேன். கிளம்பு. வேலைக்கு நேரமாகுதுல்ல."