சட்டைப்பையில் வைத்த கடிதம்

களுவாஞ்சிக்குடி
12.09.1986

அன்பு மகன் யோகராசாவுக்கு,

நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மாளைக் கும்பிட்டு அம்மா எழுதுவது. எங்கள் சுகம் பற்றி எழுத இம்முறை ஒன்றும் இல்லை மகன். உன் தங்கச்சி புஸ்பத்தின் மூத்தவன் தவநேசனை ஆமிக்காரர் பிடித்துப் போய் இன்றைக்குப் பதினொரு நாள். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நீ தூதுவராகி அந்த நாட்டு ராசாவுக்கு முன்னால் நிற்கிற படத்தை முன்வீட்டில் மாட்டி வாறவர் போறவர் எல்லாருக்கும் காட்டினேன், ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பிள்ளை என்று எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையில்தான், வயல் வட்டைக்கு வேளாண்மை வெட்டப் போனவனின் சட்டைப்பையில் நீ கடைசியாகப் போட்ட கடிதத்தை உறையோடு வைத்தேன். மறித்தால் காட்டு, தூதுவரின் மருமகன் என்று சொல்லு, ஒருத்தனும் தொடமாட்டான் என்றேன். மாமாவைப் பையில கொண்டு போறன், வெயிலுக்குக் கறுத்துப் போனா என்னைக் கேக்கப்படாது அம்மம்மா என்று பகிடி விட்டுக்கொண்டு போனான்.

வழியில் சுற்றிவளைத்து, அடையாள அட்டையைப் பார்த்து மற்றவர்களை விட்டார்களாம். இவனிடம் வெளிநாட்டு முத்திரையும் உள்ளே தமிழ் எழுத்தும் கண்டதும் இயக்கத்துக்கு வந்த கடிதம் என்று ஏற்றிவிட்டார்கள். கூடப் போன நல்லரத்தினம் வந்து சொன்னான். கடிதத்தை வைத்தது நான் என்று புஸ்பத்துக்கு இன்னும் தெரியாது. அவள் என் கையால்தான் ஒருவாய் சோறு வாங்குகிறாள்.

முகாம் வாசலுக்கு ஆறு தரம் போனேன். காத்தான்குடிப் புடைவை வியாபாரி உசனார் காக்கா, சிங்களம் தெரிந்தவர், தனக்கு வரும் வில்லங்கத்தையும் பாராமல் கூட வந்து கேட்டார். அப்படி ஒருவரையும் கொண்டுவரவில்லையாம். உன் படத்தை நீட்டினேன். காவல் நின்றவன் படத்துக்குச் சல்யூட் அடித்தான், பிறகு எங்களைப் போகச் சொன்னான்.

முந்தநாள் வானொலிச் செய்தியில், கிழக்கில் காரணமில்லாமல் ஒருவரையும் பிடிக்கவில்லை என்று நீ அங்கே சொன்னதாக வாசித்தார்கள். புஸ்பம் எழும்பிப் போய் வானொலியை நிறுத்தினாள். அண்ணனுக்கு உத்தியோகம் அப்படி என்று நான்தான் சமாதானம் சொன்னேன். ஆனால் மகன், நம் குடியில் தங்கச்சி பிள்ளைக்கு முன்னுக்கு நிற்கவேண்டியவன் மாமன். தவநேசன் என் மருமகன், அந்தக் கடிதம் நான் எழுதியது என்று நீ இரண்டு வரி சிங்களத்தில் எழுதி, உன் தூதரகக் கந்தோர் சீல் குத்தி மேலிடத்துக்கு உடனே அனுப்பு. உத்தியோகம் போனால் போகட்டும், வந்து இரு, வயல் கிடக்கிறது.

குளிருக்குக் காதை மூடிக்கொள். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். உன்னையும் அவனையும் அம்மாள் காப்பாற்றட்டும். இதை உசனார் காக்கா கையில் கொடுத்துக் கொழும்பில் தபாலில் போடச் சொல்கிறேன். பதிலையும் அவருடைய கொழும்புக் கடை விலாசத்துக்கே போடு. இந்த வீட்டுக்கு இனிக் கடிதம் போடாதே மகன், தவநேசனுக்கு இளையவன் இங்கே இருக்கிறான்.

இப்படிக்கு,
தவநேசனின் அம்மம்மா,
உன் அம்மா அன்னப்பூரணி