குளியலறையில் படுக்கப் போகும் மகளுக்கு

ஜெச்சன்,
டிசம்பர் 6

அன்பு மகள் நாரேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், இரண்டு பேருக்கும் சேர்த்து இருக்கிற நான்கு முழங்காலில் மூன்று நன்றாகவே வேலை செய்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளை ட்ரெவரும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் அப்பா பேச்சை எடுத்தவுடனே உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. ஒரு மனுஷன் பெயரைச் சொன்னால் மட்டும் அறுந்துபோகிற லைனை உங்கள் கனடாவில்தான் பார்க்கிறேன். காகிதம் அப்படி அறுந்துபோகாது, அதனால் உட்கார்ந்து நிதானமாக முழுவதையும் படி.

நீ அனுப்பிய வழவழப்பான விளம்பரப் புத்தகம் வந்து சேர்ந்தது. "அம்மா, எங்க புது வீட்டு பாத்ரூம்ல தரைக்கு அடியில சூடு போட்டிருக்கோம், இதுல எத்தனை நன்மை இருக்குன்னு பாருங்க" என்று மேலே ஒரு சீட்டு வேறு. பக்கத்துக்குப் பக்கம் எங்களுக்குப் புரியும்படி நம் மொழியிலும் எழுதியிருக்கிறாய், நல்ல பிள்ளை. சூடு காலில் தொடங்கி மேலே ஏறுமாம். அப்படியா, பிறந்தது முதல் சூட்டுத் தரையிலேயே படுத்து எழுந்த நான் அறுபத்து நான்கு வருஷமாக அது கூரையிலிருந்து ஒழுகுகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். விசிறி இல்லாததால் தூசி பறக்காது, சத்தம் வராது, மூக்கும் தொண்டையும் காயாது, சுவரோரமாக இரும்புப் பெட்டி எதுவும் நிற்காததால் மேசை நாற்காலி போட இடம் மிச்சம், அறையில் ஒரு மூலை கொதித்து இன்னொரு மூலை நடுங்காது, இதெல்லாம் நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னதாம். அந்த நிபுணர்கள் யாரையாவது இந்தப் பக்கம் அனுப்பிவை, நான் ஒரு தலையணையும் ஒரு தட்டு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்துக் கூடத்தில் படுக்க வைக்கிறேன், ஆராய்ச்சி அரை மணியில் குறட்டையில் முடிந்துவிடும். செல்லப் பிராணிகளும் மிகவும் விரும்பும் என்று கடைசியில் போட்டிருக்கிறது. நம் வீட்டில் செல்லப் பிராணி கிடையாது, உன் அப்பாதான் இருக்கிறார், அவரும் விரும்புகிறார். கீழ்வீட்டு மல்சுக்கிடம் இதைப் படித்துக் காட்டினேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "ஏங்க்கா, உங்க பொண்ணு அடுத்த மாசம் நாம தினமும் திங்கிற ஊறுகாயைப் பத்தியும் கிம்ச்சின்னு ஒண்ணு இருக்கு, முட்டைக்கோஸ்ல போடுவாங்க, உடம்புக்கு நல்லதுன்னு எழுதுவாளோ" என்றாள்.

நான் உன்னைக் குறை சொல்லவில்லை. முன்பு நீதான் தரையில் உட்காராதீர்கள், முழங்காலுக்கு ஆகாது என்று சொல்லி அந்தப் பெரிய சோஃபாவை வாங்கி அனுப்பினாய். அதை வீணாக்கவில்லை, தினமும் பயன்படுத்துகிறோம், நானும் உன் அப்பாவும் தரையில் உட்கார்ந்து அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் டிவி பார்க்கிறோம். வருகிற விருந்தாளிகளும் அப்படியே செய்கிறார்கள். இத்தனை விலை கொடுத்து முதுகு சாய்க்கிற பலகை இந்தத் தெருவில் வேறு யார் வீட்டிலும் இல்லை.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் படித்தேன். பின்னட்டையில் நீ பென்சிலில் எழுதியிருந்தாயே, அங்கே வந்ததும் நின்றுவிட்டேன். "பிரசவம் ஆனதும் நம்ம ஊர் மாதிரி சூட்டுத் தரைல மூணு வாரம் படுக்கணும்னு எனக்கும் ஆசைதான், ஆனா எங்க வீட்ல சூடு இருக்கிறது பாத்ரூம்ல மட்டும், அதனால அங்கேயே மெத்தை போட்டுக்கறேன், ட்ரெவர் அளந்து பாத்துட்டாரு, கதவைத் திறந்து வச்சா கால் நீட்டலாம், நீங்க கவலைப்படாதீங்க." நான் எதற்குக் கவலைப்படப் போகிறேன். என் பேரப்பிள்ளை பிறந்து மூன்றாம் நாளே கழிப்பறைக்கும் குளியல் தொட்டிக்கும் நடுவில் கொலுவிருக்கப் போகிறது, அதைவிட என்ன பெருமை வேண்டும். பார்க்க வருகிறவர்கள் கையோடு காரியத்தையும் முடித்துக்கொண்டு போகலாம். மாப்பிள்ளை காலையில் எழுந்தால் எங்கே போவார், அளந்தவர் அதையும் யோசித்தாரா என்று கேட்டுச் சொல். அந்த ஊர்ப் பெண்கள் பெற்ற மறுநாளே குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போகிறார்களாம், அவர்களுக்கு இந்த யோசனை வந்திருக்காது, தாய்வீட்டில் சூட்டுத் தரையில் படுத்துக் கடற்பாசிச் சூப் குடித்தாக வேண்டும் என்று ரத்தத்தில் ஊறின நம் பெண் ஒருத்திக்குத்தான் தோன்றும். இதையெல்லாம் மல்சுக்கிடமும் சொல்லிச் சிரித்தேன், அவள் போன பிறகு அடுப்படியில் நின்று அழுதேன். பிள்ளை பெற்று வந்து படுக்க என் மகளுக்கு ஒரு அறை இல்லையா என்று அழுதேன்.

அறை ஏன் இல்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் நீ அங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு பிறகு போனில் சொன்னாய், உன் அப்பா "இனிமே அவ இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார், நீ "அப்பா வாயால வான்னு சொன்னாத்தான் வருவேன்" என்றாய். இரண்டு பேரும் ஒரே அச்சு. ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் சிக்னல் போட்ட மனுஷன், எத்தனையோ வண்டிக்கு வழிவிட்டவர், பெற்ற பெண்ணுக்கு மட்டும் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு அதை அணைக்கிற பொத்தான் எங்கே என்று மறந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கே பாய்லரிலிருந்து உன் சின்ன அறைத் தரைக்கடியில் சுடுதண்ணீர் போகிற குழாயையும் அவர்தான் மூடினார், ஆளில்லாத அறைக்கு எதற்குக் கேஸை எரிக்க வேண்டும் என்றார். அவருடைய சிக்கனம்தான் உனக்குத் தெரியுமே, நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்போது பாய்லரில் 'வெளியே போயிருக்கிறோம்' என்கிற பொத்தானை அழுத்திவைக்கிற ஆள். பாய்லரையே ஏமாற்றுகிறவர் வேறு யாரைத்தான் விட்டுவைப்பார்.

அந்தப் பென்சில் எழுத்தை மதியச் சாப்பாட்டில் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், வேண்டுமென்றேதான். கரண்டி பாதி வழியில் நின்றது. "பாத்ரூம்லயா" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார், பிறகு சூப்பில் உப்பில்லை என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. இவரிடம் போய்ச் சொன்னேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, சும்மா கேட்கிற மாதிரி, "அந்த ஆள் எவ்வளவு உயரம்" என்றார். ஆறடி மூன்று அங்குலம் என்றேன். "வீணா வளர்ந்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு மறுநாளிலிருந்து எங்கள் படுக்கையறைத் தரை சில்லிட ஆரம்பித்தது. காலையில் எழுந்து கால் வைத்தால் அரிசி களைந்த தண்ணீரில் வைத்த மாதிரி இருக்கிறது. பாய்லர் கெட்டுவிட்டது என்றேன், உன் அப்பா "வயசானா அப்படித்தான் தோணும்" என்றார். வயதானது எனக்கா பாய்லருக்கா என்று சொல்லவில்லை. நான்கு நாள் இரண்டு காலுறையோடு படுத்தேன். ஐந்தாம் நாள், அவர் வெளியே போயிருக்கிறார் என்று நினைத்து, பாய்லர் பழுது பார்க்கிற பியோவைக் கூப்பிட்டேன். அவன் வந்து பாய்லரைத் திறக்கவே இல்லை, நேரே சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டு, அறைவாரியாகக் குழாய் பிரிகிற இடத்தைப் பார்த்தான். "பாய்லர் ஜோரா ஓடுதும்மா. உங்க ரூம் குழாயை முக்கால்வாசி மூடி, சின்ன ரூம் குழாயை முழுசா திறந்து வச்சிருக்காங்க" என்றான். யார் என்றேன். "சார்தான். கடைக்கே வந்து கேட்டாரே, நாலு வருஷம் மூடிக் கிடந்த ரூம், ஈரம் மொத்தமும் போகணும்னா எத்தனை நாள் ஓடணும், கைக்குழந்தை படுக்கணும்னு. பதினஞ்சு நாள்னு சொன்னேன்" என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயோ, உங்ககிட்ட சொல்லாதன்னாரு" என்றான். பாவம், பழுது ஒன்றும் பார்க்காமலேயே ஓடிவிட்டான்.

சின்ன அறைக் கதவைத் திறந்தேன் நாரே. நான்கு வருஷமாக அங்கே குவிந்து கிடந்த பெட்டி, பழைய விசிறி, ஓடாத உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றும் இல்லை. தரைக்குப் புது விரிப்பு போட்டிருந்தது, கால் வைத்தால் இதமாக ஏறுகிறது, உன் நிபுணர்கள் சொன்ன அதே சூடுதான், காலிலிருந்து மேலே. உன் அப்பா வெளியே எங்கேயும் போகவில்லை. அந்த அறையின் நடுவில், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக நீட்டிப் படுத்திருந்தார், கையில் அளவு நாடா, தலைமாட்டில் சாக்பீஸ் கோடு, கால்மாட்டில் ஒரு கோடு. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தியிருந்தார், அந்த வலிக்கிற முதுகை வைத்துக்கொண்டு. இதென்ன கூத்து என்றேன். மிளகாய் காயவைக்கத் தரையைச் சூடாக்கினேன் என்றார். டிசம்பர் மாதத்தில் எந்த மிளகாய், எங்கே மிளகாய் என்று கேட்டேன், அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். அப்படியானால் அவளைக் கூப்பிடுங்கள் என்றேன். எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வரக் கூடாதுன்னுதான் சொன்னேன், தரை சில்லுனு கிடக்கணும்னா சொன்னேன்" என்றார். இப்படிப் பேசுகிற ஆளோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கு அரசாங்கம் ஒரு பதக்கம் தர வேண்டும்.

அவர் வாயிலிருந்து 'வா' என்கிற வார்த்தை வருமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்காக நீ காத்திருந்தால் குட்டி பள்ளிக்கூடம் போய், கல்லூரி முடித்து, அதுவும் யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டுவிடும். அதனால் நான் சொல்கிறேன், கேள். விமானக்காரர்களிடம் விசாரித்துவிட்டேன், டாக்டர் சீட்டு இருந்தால் முப்பத்தாறு வாரம் வரை ஏற்றிக்கொள்வார்களாம், உனக்கு இப்போது முப்பது. புது வருஷத்துக்கு முன்னால் வந்துவிடு. ட்ரெவருக்கு லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போது வரட்டும், அவருக்குச் சாக்பீஸ் கோட்டிலேயே இடம் போட்டாகிவிட்டது. பிரசவத்துக்கான கடற்பாசியும் வாங்கிவிட்டேன், நீளமாக, ஒடியாதது, கடைக்காரர் மடிக்காமல் வைக்கோல் கயிற்றில் கட்டிக் கொடுத்தார். பெற்றவளுக்கு வைக்கிறதை ஒடிக்கவோ மடிக்கவோ கூடாது என்பதால் அதைப் பார்சலில் அனுப்ப முடியாது, வேண்டுமானால் நீ வந்துதான் குடிக்க வேண்டும். ஒருவேளை வராவிட்டால் அதையும் எழுதிவிடு, நானும் உன் அப்பாவும் மூன்று வாரம் அந்த அறையில் மாறி மாறிப் படுத்துக் கடற்பாசிச் சூப் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்கிறோம்.

பனியில் வழுக்காமல் நட. கனமாக எதையும் தூக்காதே. வயிற்றை மூடிக்கொண்டு வெளியே போ. வரும்போது எனக்கு வைட்டமின் மாத்திரை டப்பா எதுவும் வேண்டாம், ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கிறது. குட்டி நல்லபடியாகப் பிறந்து, நல்ல தூக்கமும் நல்ல பசியும் தாத்தாவின் பிடிவாதம் மட்டும் இல்லாத மனசுமாக நீண்ட காலம் இருக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் சண்டை போட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். டாக்டரிடம் சீட்டு வாங்க மறக்காதே, இந்த வாரமே.

சோஃபாவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தபடி,
உன் அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு உன் அப்பாவிடம் கொடுத்தேன், தபால் ஆபீஸில் இருக்கிற பெண்ணிடம் ஆங்கிலத்தில் விலாசம் எழுதச் சொல்லுங்கள் என்று. எப்போதும் அவள்தான் எழுதுவாள். உன் அப்பாதான் "அவ எந்த ஊர்ல இருக்கான்னே எனக்குத் தெரியாது" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறவராயிற்றே. விலாசச் சீட்டைத் தேடி எடுக்க உள்ளே போனேன், கொஞ்ச நேரமாயிற்று. திரும்பி வந்தால் அவர் எழுதி முடித்திருந்தார். எதையும் பார்க்காமல், ஸ்டேஷன் பலகை மாதிரி நேர் நேரான எழுத்தில், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் எண் முழுக்க. அதுவும் பழைய விலாசம் இல்லை, நீங்கள் செப்டம்பரில் குடிபோன புது வீட்டு விலாசம். உறையை மறுபடி பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். கடிதத்தை என்ன வேண்டுமானாலும் செய், உறையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே.