தொட்டியைக் கொன்றது என் அப்பா அல்ல

அனுப்புநர்
ஜெ. பிளஸ்ஸி, பதினொன்றாம் வகுப்பு,
அடுக்குமாடிக் குடியிருப்பின் பம்ப் அறையை ஒட்டிய வீடு,
கோவிலம்பாக்கம்.

பெறுநர்
மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்,
மாசு கட்டுப்பாட்டு வாரியம்.

பொருள்: நாளைய ஆய்வுக்குப் பத்து மணிக்கு வராமல், எட்டு மணிக்கு முன் வரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை யாரிடமும் காட்ட வேண்டாம். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் காட்டவே வேண்டாம். நாங்கள் குடியிருப்பது சங்கம் கொடுத்த வீடு. ஆய்வு அறிவிப்பில் இருந்த எண்ணுக்கு இதைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

1. என் அப்பா ஜெர்சன் இங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு ஆபரேட்டர். தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள்தான் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அவை மெதுவாகப் பெருகுபவை. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைத் துளித்துளியாகக் கசியவிடும். கூட்டம் கூடக்கூட அது தண்ணீரில் அடர்ந்து, தாம் தனியாக இல்லை என்று அவற்றுக்குத் தெரிகிறது. பிறகு ஒட்டிப் படலமாகி இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. என் பள்ளிக் கண்காட்சிக்கு இதையே எடுத்திருக்கிறேன்.

2. வியாழக்கிழமை செயலாளர் திரு. தட்சிணாமூர்த்தி தொட்டியை எட்டிப் பார்த்து, “என்ன ஜெர்சன், இப்படிச் சேறா இருக்கு? ஆபீசர் வர்றாங்க, பிளீச்சிங் போட்டு பளிச்னு வை” என்றார். “கிருமி செத்துடும் சார்” என்றார் அப்பா. “கிருமி சாகத்தானய்யா பிளீச்சிங்கே!” என்றார் அவர். உடன் நின்ற ஆறு பேர் சிரித்தார்கள். அப்பா ஐந்து மூட்டை கொட்டினார்.

3. தண்ணீர் பளிச்சென்றுதான் ஆனது; ஆனால் பாக்டீரியாக்கள் செத்து, அம்மோனியா மாறாமலே வெளியேறியது. ஞாயிற்றுக்கிழமை அது போய்ச் சேரும் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. இப்போது, ‘பல மாதமாகப் பராமரிக்காமல் விட்டேன், அதை மறைக்க நானே பிளீச்சிங் கொட்டினேன்’ என்று அப்பா நாளை காலை எட்டு மணிக்குள் எழுதித் தர வேண்டும் என்கிறார் செயலாளர். உடனே லாரி வந்து தொட்டியைக் காலி செய்துவிடும். சிரித்த ஆறு பேருக்கும் எதுவும் நினைவில்லை. அப்பா சாப்பிடாமல் படுத்திருக்கிறார்.

4. புதன்கிழமையே கண்காட்சிக்காக அந்தச் சேற்றில் ஒரு வாளி எடுத்து வைத்தேன். மீன்தொட்டிப் பம்பு காற்றூத, என் கட்டிலடியில் இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியாது. இன்றுவரை அதில் விடும் அம்மோனியா மறுநாளே குறைந்துவிடுகிறது. புதன்வரை அப்பா அவற்றை உயிரோடு காத்தார் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே தாங்கள் எட்டு மணிக்கு முன் வந்து, தொட்டியிலும் வாளியிலும் மாதிரி எடுத்து, அப்பா கையெழுத்திடாமல் தடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: கோவிலம்பாக்கம்
நாள்: திங்கள், இரவு 11.40

இப்படிக்கு,
ஜெ. பிளஸ்

ஐயா, கதவைத் தட்டுகிறார்கள். பம்புச் சத்தம் வெளியே கேட்டிருக்கும். நிறுத்தினால் வாளியில் உள்ளவை மூச்சு