தேங்காய் சேர்க்காத அவியல்

பூதப்பாண்டி,
ஆடி, 1955

என் அன்பு மகளுக்கு,

வயிற்றுப் பிள்ளையோடு சாவு வீட்டுக்கு வரக்கூடாது என்று உன்னைத் தடுத்தது நான்தான். அதை நினைத்து அழாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று நாகர்கோவில் டாக்டர் சொன்னதிலிருந்து அப்பா இறைச்சியைத் தொடவில்லை. தேங்காயையும் நிறுத்தினோம். வெறும் காயை வேகவைத்துக் கொடுத்தாலும், "நீ அவியல்னு சொன்னா அவியல்தான்" என்று சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். விடிந்ததும் ஆற்றங்கரையில் நடப்பார். "பேரப்பிள்ளைய தூக்கிட்டு நடக்க காலுல பெலம் வேணும்லா?" என்பார். அன்றைக்கும் நடந்துவிட்டு வந்துதான் கட்டிலில் சாய்ந்தார்.

நேற்று பதினாறாம் நாள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டுமே. நான் இறக்கி வைத்த அவியலை எட்டிப் பார்த்த உன் அத்தை, "மைனி, தேங்கா அரைக்கலியா? இனி எங்க அண்ணனுக்கு என்னத்த வந்திரப் போவுது?" என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கைப்பழக்கம். அப்படியே செய்திருக்கிறேன். பிறகு ஒரு முழுத் தேங்காயை அரைத்துச் சேர்த்தேன்.

ஆனாலும் அவர் இலையில் கொஞ்சமாகத்தான் வைத்தேன், மக்கா.

உன் அம்மை