நெகேசா எழுதியது

மார்ச் 3
டிசம்பர் விடுமுறை முழுக்க உட்கார்ந்து நான் எழுதிய வருகைப்பதிவு புரோகிராமை, லுஸ்வெட்டி இன்று கல்லூரி முதல்வரிடம் தன்னுடையது என்று காட்டிவிட்டான். கணினி அறைக்கு அவன் பொறுப்பாளன், நான் தற்காலிக உதவியாளர். "இந்தப் பொண்ணு டைப் அடிச்சுக் குடுத்துச்சு சார்." டைப்! அடுத்த வாரத்திலிருந்து எனக்கு வாசலில் வேலையாம்.

மார்ச் 5
டீ குடிக்கும்போது அவன் முதல்வரைப் பற்றிச் சொன்னது என் போனில் இருக்கிறது. "அந்தாளுக்கு மவுஸ எந்தக் கையால புடிக்கணும்னே தெரியாது." அதை அவனுடைய ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டுவிட்டேன். கணினியில் அவன் பெயரில் உள்ளே நுழைந்ததும் தானாக ஓடும். வெள்ளிக்கிழமை புரோகிராமைக் காட்ட நிர்வாகக் குழுவுக்கு முன்னால் அவனே நுழையட்டும். தவளை தன் வாயால் கெடட்டும்.

மார்ச் 7
கெட்டது ரிஸ்பாக்கா.
பத்து மணிக்குக் கரண்ட் போய் வந்தது. எங்கள் ஊர் கக்கமேகாவில் தினமும் மூன்று முறை போகும். அதனால்தான் யார் வேண்டுமானாலும் திறக்கட்டும் என்று அவன் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்திருக்கிறான். தினமும் பார்க்கிறேன், எப்படி மறந்தேன்? அவன் வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தான். தரை துடைத்துக்கொண்டிருந்த ரிஸ்பாக்காவை முதல்வர் கணினியைத் திறக்கச் சொன்னார். சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அறை முழுக்க அவன் குரல்.
ஓடிவந்தவன், யாரோ தன்னைப்போல் பேசியிருக்கிறார்கள் என்றான். "கடைசியா தொட்டது யாரு சார்? இந்தம்மாதான."
பத்தொன்பது வருட வேலை அன்றே போனது. போகும்போது என்னிடம் கேட்டாள்: "நான் எதையும் உடைச்சுட்டனா, பொண்ணே?"

மார்ச் 8
சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்—

மார்ச் 10
சொன்னேன். முதல்வர் நம்பவில்லை. ஃபோல்டரைத் திறந்து காட்டி மூடினேன். லுஸ்வெட்டியைக் கூப்பிடச் சொன்னேன். வருகைப்பதிவும் இதே மாதிரி தானாகத்தான் திறக்கிறது, எழுதியவன் அது எங்கே இருக்கிறதென்று காட்டட்டும் என்றேன். லுஸ்வெட்டி பத்து நிமிடம் மவுஸை உருட்டினான். குப்பைத்தொட்டியைக்கூடத் திறந்து பார்த்தான்.
ரிஸ்பாக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்குப் போனது. அவனுக்கு ஒன்றுமில்லை, முதல்வரின் மச்சான்.
"அந்தக் குரல எடுத்துட்டுப் போ" என்றார். எடுத்தேன். வேறெதையும் வைக்காதே என்று அவர் சொல்லவில்லை.

மார்ச் 21
ரிஸ்பாக்கா போனில் பேசினாள். கணினியைத் திறந்தாலே 'வருகைப்பதிவு – எழுதியவர் நெகேசா' என்று திரை நிறைய வருகிறதாம். "லுஸ்வெட்டி சாரு துணியப் போட்டு மூடிட்டுத்தான் தொறக்குறாரு. கரண்ட் வந்தா போதும், பிள்ளைங்க கை தட்டுதுங்க."
லுஸ்வெட்டி நான்கு முறை கூப்பிட்டிருக்கிறான். எடுக்கவில்லை.