மேடாகத் தெரிந்த ஓடை

இன்று காலை கன்னிவாடிக்கு மேலுள்ள சரிவின் செயற்கைக்கோள் படம் ஒன்று அச்சாகி என் மேசைக்கு வந்தது. மார்கழியில் எடுத்த படம். ஓடைகள் மேடாகவும் மேடுகள் பள்ளமாகவும் தெரிந்தன. தலைகீழாகத் திருப்பினேன்; எல்லாம் சரியாயிற்று. நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

காலை வெயில் தென்கிழக்கிலிருந்து, அதாவது படத்தின் கீழ்ப்பக்கமிருந்து விழும். நம் கண்ணோ வெளிச்சம் படத்தின் மேல்பக்கமிருந்து வருவதாக நினைத்துக்கொள்ளும். நாயுடுபுரம் வரைபட அலுவலகத்தில் ஒரே நாளில் சேர்ந்த நாம் இருவரும் முதலில் கற்றது இந்த ஏமாற்றைத்தான். "ஏலே, திருப்பிப் பாரு" என்பாய். 'இளம்பருவ ஓடை, அகலாது, கீழ்நோக்கிக் குடையும்' என்று நான் குறிப்பு எழுதினால், "எளவட்டப் பய, நின்னா பேசப் போறான்" என்று சிரிப்பாய்.

மலைச்சரிவில் ஒரு விடுதி கட்ட, இப்படியொரு படத்தைப் பார்த்து வரைபடம் வரைந்தவன் நான். சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நீ. எனக்கோ பழனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

"திருப்பிப் பாத்தியா?" என்றாய்.

"பாத்தேன்."

பார்க்கவில்லை. நீ என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாய்.

நான் மேடு என்று குறித்த இடத்தில் வேலையாட்களுக்குக் கொட்டகை போட்டார்கள். ஐப்பசி மழையில் ஓடை வந்து அடித்துக்கொண்டு போனது. உள்ளே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சரிபார்த்தவன்தான் பொறுப்பு என்றது விசாரணை. என்னிடம் கேட்டதை நீ யாரிடமும் சொல்லவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. உன் வேலை போனது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. மானங்கெட்ட பிழைப்பு.

அப்புறம் நீ வாடகைக் கார் ஓட்டினாய். போன வருடம் வத்தலக்குண்டு வரை உன் வண்டியில் வந்தேன். கொண்டை ஊசி வளைவில், சாலையைப் பார்த்தபடியே கேட்டாய்.

"அன்னைக்கு நெசமாவே திருப்பிப் பாத்தியாலே?"

இத்தனை வருடம் கழித்தாவது சொல்லியிருக்கலாம். "பாத்தேன்டா" என்றேன்.

"அப்ப படந்தான் நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திருச்சு" என்றாய். உனக்கு அவ்வளவு நிம்மதி. கீழே இறங்கும்வரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்.

படம் ஏமாற்றவில்லையடா. கொட்டகை போன மறுநாளே திருப்பிப் பார்த்துவிட்டேன். இருபுறமும் மரவரிசையோடு ஓடை அங்கேதான் கிடந்தது.

உன் கருமாதியன்று உன் மனைவி என்னைக் காட்டி உறவுக்காரர்களிடம் சொன்னார்: "அவுக கடைசிவரைக்கும் நம்புனது இவுக ஒருத்தரைத்தாங்க." எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் கும்பிட்டேன்.